சாமி சாட்சி இல்லாமல் சத்தியம் நிற்குமா?

தாழ்வாரம்:
முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். பாதிக்கு மேல் பெஞ்சு கிளார்க். கூண்டில் ஏறுகிற சாட்சிக்குப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. போன வாரம் அக்கா பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது தாத்தா. அதுக்காக நான் யாரையும் ஏமாத்தலையே" என்றான். நல்ல பையன், அதில் சந்தேகமில்லை. "ஏன் ஏமாத்தக் கூடாது?" என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று போனை எடுத்துக்கொண்டான்.

எனக்கு அது கேள்விதான். பழைய சங்கதி ஒன்று சொல்கிறேன். 1873-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வழக்கில் ஒரு தரப்பு எழுந்து, "எதிராளி இன்ன முறைப்படி சத்தியம் செய்து சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்" என்று சொல்லலாம். கோவிலில் வைத்துச் செய்யச் சொன்னதும் உண்டு. எதிராளி ஒப்புக்கொண்டு செய்துவிட்டால், கேட்டவனைப் பொறுத்தவரை அதுவே முடிவான சாட்சியம். 1969-இல் புதுச் சட்டம் வந்தபோது அந்த வழி அடைபட்டது.

சட்டத்தில் போனாலும் எங்கள் ஊரில் சூடம் போகவில்லை. மாட்டு அச்சாரம் எண்ணூறு ரூபாய் வாங்கவே இல்லை என்று சாதித்த ஒருத்தரை அய்யனார் கோவில் வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். வெற்றிலை மேல் சூடம் ஏற்றி, "வாங்கலேன்னா அணைச்சுடு" என்றார்கள். நான் சின்னப் பையன், முன்வரிசையில் நிற்கிறேன். அவர் கை சூடம் வரைக்கும் போனது. வெற்றிலை ஓரம் கருகிச் சுருண்டது. கையை இழுத்துக்கொண்டு, "அறுப்பு முடிஞ்சதும் தர்றேன்" என்றார். தந்தார்.

சாமியை எடுத்துவிட்டால் அந்தக் கையை எது இழுக்கும்? நாத்திக நண்பர்கள் சொல்லட்டும்.

உப்புக்காத்து:
ஐயாவுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை எனக்கு, அதனால் நீளமாகத்தான் வரும்.

உங்கள் சூடத்துக்கு என்னிடமும் ஒரு சூடம் இருக்கிறது. என் அப்பாவின் அம்மா ஒரு பெரிய வீட்டில் தொழுவ வேலை பார்த்தாள். பித்தளை அண்டா ஒன்று காணாமல் போனது. பழி பாட்டி மேல். "கோயில்ல சூடம் அணைக்கிறேன்" என்று தானாகவே முன்வந்தாள். கோவிலுக்குள் விடமாட்டார்கள், நாங்கள் காலனி. "அப்ப வெளிய நின்னு அணைக்கிறேன்" என்றாள். வெளியே அணைத்தது செல்லாது என்றார்கள். உள்ளே போக முடியாது, வெளியே செல்லாது, ஆகவே திருடி. மூன்று மாதக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். கோடையில் கிணறு தூர் எடுத்தபோது அண்டா சேற்றோடு மேலே வந்தது. பிடித்த கூலி வரவில்லை.

பாட்டி சாகும்வரை அதே சாமியைத்தான் தெருமுனையில் நின்று கும்பிட்டாள். நிறுத்தியது நான்.

சாமிக்குப் பயப்படாதவன் வாக்கு நிற்காது என்பது பழைய சந்தேகம். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், மதச் சகிப்புக்கு அவ்வளவு வாதாடியவர், 1689-இல் நாத்திகர்களை வெளியே தள்ளினார். வாக்குறுதி, உடன்படிக்கை, சத்தியம் எதுவும் அவர்களைக் கட்டாது என்பது அவர் கணக்கு. அதே கணக்கில்தான் இங்கிலாந்து நாத்திகர் சார்லஸ் பிராட்லா 1880-இல் நார்த்தாம்ப்டனில் ஜெயித்தும், பிரமாணத் தகராறில் பாராளுமன்றத்தில் உட்கார முடியாமல் 1886 வரை அலைந்தார். அந்த மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அதே காலத்தில் இங்கே நாத்திகம் பேசிய சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' பத்திரிகை நடத்தி இதையெல்லாம் தமிழில் அலசிக்கொண்டிருந்தார்கள். நமக்குப் பெரியாரோடு தொடங்கிய பேச்சு இல்லை இது.

மருதுபாண்டி77:
ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர வச்சிட்டீங்க. இப்ப யாராவது திருக்குறள் போடுவாங்க, அதோட திரி படுத்துடும் 😀

மேலவீதி:
குறள் போடப் போவதில்லை, பயப்படாதீர்கள். போட்டால் ஒருவர் கடவுள் வாழ்த்தைக் காட்டுவார், இன்னொருவர் அதில் எந்தச் சாமி பெயர் இருக்கிறது என்பார், பத்து நாள் ஓடும்.

டீச்சர், உங்கள் பாட்டி கதை தைக்கிறது. ஆனால் அது சாமிக்கு எதிரான சாட்சி இல்லை, வாசலை மறித்தவனுக்கு எதிரான சாட்சி. அதைவிட முக்கியமான ஒன்று: அன்று ஊரே ஒருமித்து அவள் திருடி என்றது. நீங்கள் இன்று "ஊர் செய்தது அநியாயம்" என்கிறீர்கள். அப்படியானால் ஊருக்கு மேலே ஒரு அளவுகோல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது? பரிணாமத்தில் என்றால், கூட்டத்தோடு சேர்ந்து ஒருத்தியை மிதிப்பதும் பரிணாமம் கொடுத்த குணம்தான். உலகம் இப்படி இருக்கிறது என்பதிலிருந்து இப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தாவ முடியாது. சொன்னவர் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி, எங்கள் ஆள் கிடையாது.

அல்பேனியா 1967-இல் தன்னை நாத்திக நாடு என்று அறிவித்து மசூதி, மாதாகோவில் எல்லாவற்றையும் பூட்டியது. அங்கே என்ன அறம் பூத்தது என்று கேட்கலாம். அதை வைத்து ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை, மதவாதிகள் செய்ததையும் நீங்கள் எடுத்து வைப்பீர்கள். பிணக்கணக்குப் போட்டு இந்தக் கேள்வி தீராது. நான் கேட்பது அஸ்திவாரம்.

உப்புக்காத்து:
அஸ்திவாரம் என்று கேட்டதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நாத்திகம் அறத்துக்கு அஸ்திவாரம் இல்லை. ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒருவன் விவசாயம் செய்ய முடியாது, மண்ணும் தண்ணீரும் வேறு வேண்டும். அதுபோலத்தான். எங்கள் தோழர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "சாமி இல்லை என்று தெரிந்ததும் மனிதன் தானாக நல்லவனாவான்" என்று மேடையில் கேட்டிருக்கிறேன். ஆகமாட்டான்.

ஆனால் சாமிதான் அந்த மண் என்பதும் நிற்காது. சமணர் உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று ஏற்கவில்லை, கொல்லாமையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அதைவிடுங்கள், வேள்வியும் வேதமுமே தர்மம் என்ற மீமாம்சகர்களை எடுங்கள். குமாரில பட்டர் படைப்புக் கடவுளை மறுத்து வாதாடியவர். வைதீகத்தின் நடுவீட்டிலேயே தர்மம் வேறு, ஈசுவரன் வேறு என்று வைத்திருந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கிரேக்கக் கேள்வி: சாமி சொன்னதால் அது நல்லதா, நல்லது என்பதால் சாமி சொன்னாரா?

மேலவீதி:
சைவத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நன்மை அவன் போட்ட உத்தரவு அல்ல, அவனுக்கு வெளியே இருந்த சட்டமும் அல்ல. அவன் இயல்பே அதுதான். சமணரைச் சொன்னீர்கள். அவர்களுக்குக் கடவுள் இல்லை, வினை உண்டு. செய்தது செய்தவனைத் தேடி வரும் என்ற கணக்குப் புத்தகம் உண்டு. கணக்கப்பிள்ளை இல்லை, அவ்வளவுதான். மீமாம்சகருக்கும் வேதவிதி இருந்தது. உங்களிடம் புத்தகமும் இல்லை, விதியும் இல்லை.

கீழக்கரைக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம்பிக்கையாளன்தான், ஆனால் கிளார்க் ஐயா கட்சியில் முழுசாகச் சேர முடியவில்லை. சூடத்துக்குப் பயந்து கொடுத்தவர் கடனைக் கொடுத்தார், சரி. எங்கள் மார்க்கத்தில் முதலில் பார்ப்பது நிய்யத், அதாவது மனதில் இருக்கும் எண்ணம். ஊர் பார்க்க வேண்டும் என்று கொடுத்த தர்மத்துக்கு அல்லாஹ்விடம் கூலி இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நரகத்துக்குப் பயந்து மட்டும் நல்லவனாக இருப்பவன் பாதி வழியில் நிற்கிறான்.

ஆனால் டீச்சரம்மா, மறுமை என்று ஒன்று இல்லாவிட்டால் உங்கள் பாட்டியின் மூன்று மாதக் கூலி யார் கணக்கில் போகும்? எனக்கு அதுதான் தாங்க முடியாத இடம். பாதிக்கப்பட்டவர் செத்தார், பிடித்தவர் சுகமாகச் செத்தார், கதை முடிந்தது என்று என்னால் படுத்துத் தூங்க முடியாது.

உப்புக்காத்து:
பாய், எனக்கும் அந்த இடத்தில் தூக்கம் வராது. யார் கணக்கிலும் போகாது என்றுதான் நினைக்கிறேன். போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பாது. அதனால்தான் அடுத்த பாட்டிக்கு இங்கேயே, இப்போதே நடக்க வேண்டும் என்று கத்துகிறோம். மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றால் நான் கொஞ்சம் மெதுவாகக் கத்தியிருப்பேனோ என்னவோ.

மேலவீதி:
சரி, தத்துவம் போதும். ஒரு கணக்கு போடுவோம். ஒருவர் இன்னொருவரிடம் நாற்பதாயிரம் கைமாற்று வாங்குகிறார். நோட்டு எழுதவில்லை, சாட்சி இல்லை, வங்கி வழியாகவும் போகவில்லை. கொடுத்தவர் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. வாங்கியவருக்கும் பணமுடை. இப்போது அந்தப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? நம்பிக்கையாளனுக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது: பார்க்கிறவன் பார்க்கிறான், தீராத கடன் தொடர்ந்து வரும். உங்கள் பதில்?

கீழக்கரைக்காரன்:
எங்களில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்குவதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து, "இவர் யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். இங்கே தலைகீழ், செத்தவருக்கு வரவேண்டியது. அதுவும் வாரிசுக்குப் போய்ச் சேர வேண்டும், பேச்சே இல்லை.

உப்புக்காத்து:
நல்ல கணக்கு. என் பதில் இது. வாக்குக் கொடுத்தது சாமியிடம் இல்லை, அந்த மனுஷனிடம். அவர் செத்ததால் நான் சொன்ன சொல் சாகவில்லை. "கொடுக்க மாட்டேன்" என்பதற்கு என்னிடம் இருக்கும் காரணம் என்ன? "உனக்குத் தெரியாது, அதனால் கொடுக்கவில்லை" என்பதுதான். அதை அவர் மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பாதிக்கப்படுகிறவரின் முன்னால் வைத்துச் சொல்ல முடியாத காரணம், காரணமே இல்லை. என் அளவுகோல் அதுதான். பாட்டி விஷயத்திலும் அதேதான். ஊர் தப்பு என்று நான் சொல்வதற்கு ஆகாயத்தில் அளவுகோல் தேடவில்லை. அவள் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் தீர்ப்பு ஒரு நிமிஷம் நின்றிருக்காது.

என் அப்பா அம்மா கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். அக்னி இல்லை, ஐயர் இல்லை, மாலை மாற்றிக்கொண்டு நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தைதான். 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றார்கள். பக்கத்து ஆந்திரத்தில் கோரா என்ற நாத்திகர். மகளைத் தாழ்த்தப்பட்ட சாதி இளைஞருக்குக் கொடுக்கிறார். சேவாகிராமத்தில் தானே நடத்திவைப்பதாகக் காந்தி சொன்னார். உறுதிமொழியில் கடவுள் பெயருக்குப் பதில் சத்தியத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளவும் சம்மதித்தார். அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். 1948 மார்ச்சில் அவர் இல்லாமலே அங்கே கல்யாணம் நடந்தது. அவ்வளவு பெரிய ராம பக்தருக்குச் சாமி பெயர் இல்லாத வாக்கும் வாக்காகத்தான் தெரிந்திருக்கிறது.

மேலவீதி:
முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்கிறீர்கள். முடியாது என்று கூசுகிறவனுக்கு அது சரி. கூச்சமே இல்லாதவனை என்ன செய்வீர்கள்?

உப்புக்காத்து:
கூச்சமில்லாதவனுக்குச் சூடம் வெறும் நெருப்பு, ஊதிவிட்டுப் போவான். தாழ்வாரம் ஐயாவைக் கேளுங்கள், முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறார்.

தாழ்வாரம்:
மாட்டிவிட்டீர்களே அம்மா. சரி, உள்ளதைச் சொல்கிறேன். விபூதியும் குங்குமமுமாகக் கூண்டில் ஏறி, நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு பிரமாணம் செய்துவிட்டு, அடுத்த மூச்சில் அண்ணன் கையெழுத்தைத் தெரியவே தெரியாது என்றவர்கள் உண்டு. வாடிக்கைச் சாட்சிகளும் உண்டு, எந்த ஊர்ப் பத்திரத்திலும் அவர்கள் கையெழுத்து இருக்கும்.

பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி கேட்டவர் என் சர்வீஸில் ஒரே ஒருத்தர். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. எனக்கு வாசகம் சட்டென்று வரவில்லை, ஜட்ஜ் ஐயா மேலேயிருந்து எடுத்துக்கொடுத்தார். குறுக்கு விசாரணையில், "வரப்பு நீங்கள் சொல்கிற இடத்தில்தான் இருந்ததா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்து, "ரெண்டு அடி தள்ளி" என்றார். அவர் கட்சி வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஆள் யோக்கியனா, அளவு தெரியாதவனா என்று என்னால் சொல்ல முடியாது. கேஸ் சமரசமாகப் போய்விட்டது.

இதனால் என் கட்சி மாறிவிடவில்லை. அந்த வெற்றிலை கருகியது என் கண்ணிலேயே இருக்கிறது. பேரனிடம் கேட்ட கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

மருதுபாண்டி77:
மேலவீதி அண்ணே, ஒரு சந்தேகம். அந்த நாற்பதாயிரம் சும்மா உதாரணமா, நெசமா? மாரடைப்பு, பணமுடைன்னு ரொம்ப விலாவாரியா இருக்கே.

மேலவீதி:
நிஜம்தான். வாங்கியது நான். போன மாதம் இரண்டு தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமி நினைவு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. கருமாதி அன்று அந்த அம்மா எனக்குத் தனியாக இலை போட்டுப் பரிமாறியதும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உப்புக்காத்து:
ரசீது வாங்கினீர்களா ஐயா?

மேலவீதி:
இல்லை டீச்சர். கேட்கத் தோன்றவில்லை.