பெர்ஸ்பெக்ஸ் பெட்டிக்கு எந்தப் பசை?

வெள்ளவத்தை:
கடையில் வைக்கும் காட்சிப் பெட்டி. 5 மி.மீ. தெளிவான அக்ரிலிக் (பெர்ஸ்பெக்ஸ் என்பதும் இதுதான்), 40 × 30 × 30 செ.மீ., துண்டுகள் லேசரில் வெட்டியவை. சுப்பர் குளூ போட்டதில் மறுநாள் மூட்டைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. எரால்டைட் (இரண்டு குழாய் கலக்கும் எப்பொக்சிப் பசை) சரிவருமா, சிலிக்கனா?

கொட்டாஞ்சேனை:
இரண்டும் வேண்டாம். எரால்டைட் அக்ரிலிக்கின் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. பெட்டி ஒருமுறை விழுந்தால் மூட்டு தகடாகக் கழன்று வரும், வெயில் படப்பட மஞ்சளாகும். சிலிக்கன் கண்ணாடித் தொட்டிக்கு அருமையானது, அக்ரிலிக்கிலிருந்து நகத்தாலேயே உரித்துவிடலாம். நீங்கள் கண்ட வெள்ளைப் படிவு, சுப்பர் குளூவின் ஆவி காற்றில் உள்ள ஈரம் பட்டு இறுகிப் பக்கத்தில் படிந்தது. கொழும்புக் காற்றில் அது தப்பாமல் வரும்.

உங்களுக்கு வேண்டியது கரைப்பான் பசை. மெத்திலீன் குளோரைட் அல்லது வெல்ட்-ஆன் 3, 4 மாதிரித் தண்ணீராக ஓடும் வகை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு இது ஆவியாகிப் போகும். மூட்டில் பசை என்று எதுவும் மிஞ்சாது, அதனால் இடைவெளியை நிரப்பவும் அதனால் முடியாது. விளிம்பு சரியில்லை என்றால் எந்த விலைக்கு வாங்கினாலும் குமிழிதான்.

ஆகவே முதலில் விளிம்பைப் பாருங்கள். ஹாக்ஸோ பிளேடின் முதுகால் ஒரே சீராகச் சுரண்டி, 320 சாண்ட் பேப்பரை மட்டமான பலகையில் ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒட்டப்போகும் விளிம்பைப் பஃப் போட்டுப் பளபளப்பாக்கவே கூடாது. முனை உருண்டுபோகும், அங்கேதான் காற்று நிற்கும். பசையில்லாமல் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளிக்கீற்றே தெரியக்கூடாது. காப்புத்தாளை மூட்டிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்கு உரித்துவிடுங்கள். விட்டால் பசை தாளுக்கு அடியில் ஊர்ந்து போய் அழியாத தடம் போடும்.

மின்வயருக்குள் இருக்கும் செப்பு இழை 2 எடுத்து, ஒட்டப்போகும் இரண்டு துண்டுக்கும் நடுவே வையுங்கள். மூலைமட்டம் வைத்து நிமிர்த்தி, மெல்லிய ஊசியை உள்மூலையில் வைத்து நிறுத்தாமல் இழுத்துப் போங்கள். பசை போகும் இடமெல்லாம் மங்கிய கோடு கண்ணாடியாகத் தெளிந்துகொண்டே ஓடும். வெள்ளியாக மின்னும் திட்டு இருந்தால் அங்கே காற்று. 20, 30 விநாடி பொறுத்து இழைகளை உருவிவிட்டால், இளகிய முகங்கள் பலகையின் சொந்தப் பாரத்திலேயே உட்காரும். கையால் அமுக்காதீர்கள், பசை வெளியே பிதுங்கி மூட்டு காய்ந்துபோகும். 5 நிமிடம் தொடவேண்டாம். பாரம் ஏற்ற 24 மணித்தியாலம் போகட்டும்.

தெஹிவளை:
எல்லாம் சரியாகச் செய்தும் மூட்டு பால் மாதிரி வெளுத்து வரும் பெட்டிகள் மழை நாட்களில் நிறைய. மெத்திலீன் குளோரைட் 40 பாகையிலேயே கொதிப்பது. நமது 30 பாகை வெக்கையில் சட்டென்று ஆவியாகும்போது பலகையைக் குளிரவைக்கும், குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படியும். ஏசியை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பிறகு ஒட்டுங்கள், மின்விசிறி மேசைக்கு நேரே வேண்டாம். பழகிய கைகள் 100 மி.லி. பசைக்கு 5 முதல் 10 மி.லி. கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசெட்டிக் அமிலம் கலப்பதுண்டு, காய்வது மெதுவாகும். ஆனால் அந்த அமிலம் தோலைச் சுடும்.

மருதானை:
லேசர் வெட்டு என்று சொன்னீர்கள், அதையும் கவனியுங்கள். வெட்டிய சூடு விளிம்பில் இழுவிசையை விட்டுவைக்கும். பசை பட்டதும் மயிரிழை மாதிரி வெடிப்புகள் உள்ளே ஓடும், சில நேரம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். நெருப்புச் சுடரால் மினுக்கிய விளிம்பில் இன்னும் மோசம். அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்புப் பலகையை விட, உருக்கிப் பிதுக்கிச் செய்த எக்ஸ்ட்ரூட் பலகையில் இது சீக்கிரம் வரும். நம்பகமான வெப்பமானி உள்ள ஓவனில் 80 பாகையில் சில மணித்தியாலம் வைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிட்டால் இழுவிசை இறங்கும். 100ஐத் தாண்டினால் பலகை நெளியும். துடைக்க ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், அதுவே வெடிக்கவைக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

ஒரு விஷயத்தில் கொட்டாஞ்சேனைக்காரரோடு உடன்பாடில்லை. வெளிச்சுவரிலோ அலுமினியப் பலகையிலோ பெர்ஸ்பெக்ஸ் ஒட்ட நியூட்ரல் சிலிக்கனும் இரட்டைப்பக்க ஃபோம் டேப்பும்தான் சரி. 1 மீற்றர் பலகை 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும். இழுபடாத பசை அங்கே நிற்காது. வினாகிரி மணக்கும் சிலிக்கன் மட்டும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:
அது சரி, நான் பெட்டி மூட்டுக்குத்தான் சொன்னேன். மீன்தொட்டி என்றால் இரண்டு பாகம் கலக்கும் வெல்ட்-ஆன் 40, அக்ரிஃபிக்ஸ் 190 வகைக்குப் போங்கள். அவை இடைவெளியையும் நிரப்பும்.

தெஹிவளை:
பாதுகாப்பையும் சொல்லவேண்டும். மெத்திலீன் குளோரைட் உடம்புக்குள் போய்க் காபன் மொனொக்சைட்டாக மாறும், இதய நோய் உள்ளவர் கிட்டவே வரக்கூடாது. தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, மெல்லிய நைட்ரைல் கையுறையையும் சீக்கிரம் ஊடுருவும். ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தேங்கும். காற்றை வெளியேற்றும் விசிறியைக் கீழே வையுங்கள். பக்கத்தில் சுடர் எரிந்தால் அந்த ஆவி நச்சு வாயுவாக மாறும். மருந்துக் கடைச் சிரிஞ்சின் கறுப்பு இறப்பர் ஊதிப்போய் இறுகிவிடும், ஊசிமுனை பொருத்திய பொலித்தீன் போத்தல்தான் நல்லது.

வெள்ளவத்தை:
சுப்பர் குளூ பட்ட விளிம்பிலேயே இதைப் போடலாமா?

கொட்டாஞ்சேனை:
வேண்டாம். பழைய பசை நிற்கிற இடத்தில் மூட்டு சீராக உருகாது. ஒட்டிய விளிம்பில் 2 மி.மீ. வெட்டி எடுங்கள். எதிரெதிர்த் துண்டுகளிலும் அதே அளவு எடுத்து, மூடியை மறுபடி அளந்து வெட்டுங்கள்.