யமஹா 40 எண்டூரோ: மேல் சிலிண்டர் இறுகிவிட்டது, எந்தப் பிஸ்டன் வாங்குவது?

பருத்தித்துறைப் படகு:
வணக்கம். என்னிடம் இருப்பது படகின் பின்னால் பூட்டுகிற யமஹா எண்டூரோ இ40எக்ஸ் எஞ்சின். இரண்டு சிலிண்டர், 703 சிசி. போன கிழமை வலையோடு திரும்பி வரும்போது, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் முனகி முனகி நின்றுவிட்டது. ஆறின பிறகு கயிறு இழுபட்டது, ஸ்டார்ட்டும் வந்தது. ஆனால் இழுவை இல்லை, ஊர்ந்துதான் கரைக்கு வந்தேன்.

கழற்றிப் பார்த்தால் மேல் சிலிண்டரில் எக்ஸோஸ்ட் பக்கம் நீளக் கீறல்கள். நகம் மாட்டுகிறது. மேல் றிங் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடக்கிறது. கீழ்ச் சிலிண்டரில் ஒரு கீறலும் இல்லை.

கூட்டாளி ஒருவன், ரேஸ் எஞ்சின்களுக்குப் போடுகிற ஃபோர்ஜ்ட் (அச்சில் அழுத்தி உருவாக்கின) பிஸ்டன் போடச் சொல்கிறான். வேகமும் கூடும், இனி இறுகாது என்கிறான். கடையில் கம்பனிப் பிஸ்டனும் இருக்கிறது, பாதி விலையில் வேறு ஒன்றும் இருக்கிறது. எதை எடுப்பது?

குருநகர் பட்டறை:
தம்பி, பிஸ்டனை இன்னும் வாங்காதையும். ஒரே டாங்க், ஒரே ஒயில், ஒரே கடல்தண்ணிப் பம்ப். அப்படியிருக்க மேல் சிலிண்டர் மட்டும் ஏன் இறுகினது? அதைக் கண்டுபிடிக்காமல் தங்கத்தில் பிஸ்டன் போட்டாலும் ஒரு மாதத்தில் இதே இடத்துக்குத்தான் வருவீர்.

எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் தண்டின் மேல் சீல், காற்று புகாமல் அடைக்கிற றப்பர் வளையம். ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கிறது. அது தேய்ந்தால் மேல் சிலிண்டரின் அறைக்குள் வெளிக்காற்று போகும். கலவையில் எரிபொருளும் ஒயிலும் குறையும், சூடு ஏறும். எக்ஸோஸ்ட் பக்கம்தான் எப்போதும் சூடு கூடின பக்கம், அதனால் கீறல் அங்கே விழுகிறது. ஃப்ளைவீலைக் கழற்றிச் சீலின் உதட்டைப் பாரும். அப்புறம் ஹெட்டில் (சிலிண்டர் மூடியில்) மேல் சிலிண்டரைச் சுற்றித் தண்ணி ஓடுகிற வழி உப்பால் அடைத்திருக்கிறதா என்றும் பாரும்.

இன்னொன்று. எதில் ஓடுகிறீர்? என்ன ஒயில்?

பருத்தித்துறைப் படகு:
பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய் கலந்து ஓடுவேன் அண்ணை. ஒயில் ஆட்டோவுக்கு விற்கிற டூ ஸ்ட்ரோக் ஒயில்தான்.

குருநகர் பட்டறை:
இரண்டும் பிழை. உம்முடையது பெற்றோல் மாடல். மண்ணெண்ணெய்க்கென்று வருகிற எஞ்சினில் அழுத்தம் குறைவாக இருக்கும்படி ஹெட்டே வேறு. பெற்றோல் ஹெட்டில் மண்ணெண்ணெய் விட்டால் அது நேரத்துக்கு முன் வெடித்து, பிஸ்டன் தலையின் ஓரத்தை அரிக்கும். தலையின் விளிம்பில் எறும்பு கடித்தது போலச் சின்னச் சின்னப் பொத்தல் இருந்தால் அதுதான் காரணம். ஆட்டோ ஒயில் எரிந்தால் சாம்பல் விடும். உமது றிங் ஒட்டிக் கிடப்பதில் அதற்கும் பங்கு இருக்கும். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட கடல் எஞ்சின் ஒயில் வாங்கும்.

ரொறன்ரோ வி6:
ஃபோர்ஜ்ட் பற்றி நான் சொல்கிறேன். இங்கே ஏரியில் ஓட்ட மெர்க்குரி 2.5 லீற்றர் வி6 ஒன்றைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் பலமானதுதான், உடையாமல் அடி தாங்கும். ஆனால் கம்பனி போடுகிற வார்ப்புப் பிஸ்டனைவிட அது சூட்டில் கூடுதலாக விரியும். அதற்காகச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூட்டி வெட்ட வேண்டும். குளிரில் தட்டுகிற சத்தம் கேட்கும், ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சூடாக்கித்தான் முறுக்க வேண்டும். கம்பனி இடைவெளியிலேயே அதைப் போட்டால் முதல் நாளே இறுகும். வேகமும் தானாகக் கூடாது. வேகம் வருவது போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகிற துவாரம்), அழுத்தம், புரொப்பெல்லர் இவற்றால். விடியப்புறம் இழுத்த இழுப்பில் கரையை விட்டுப் போகிற தொழில் எஞ்சினுக்கு வார்ப்புப் பிஸ்டன்தான் சரி.

பாதி விலைப் பிஸ்டனை நான் தொடமாட்டேன். பிஸ்டன் பரவாயில்லை என்றாலும் அதோடு வருகிற றிங்கை நம்ப முடியாது. கரையில் இருந்து பல மைல் தள்ளி நிற்கிற எஞ்சின் அது.

குருநகர் பட்டறை:
உண்மை. இனி அளவு. ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 80 மில்லிமீட்டர். அதற்கு மேல் 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிசாக இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். 0.25 என்றால் ஒரு பக்கச் சுவரில் 0.125தான் வெட்டுப்படும். நகம் மாட்டுகிற கீறல் அதற்குள் போகாமலும் விடலாம். லேத் பட்டறையில் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லும். கீறல் போகிற அளவு தெரிந்த பிறகு பிஸ்டனை வாங்கி, பிஸ்டனையே பட்டறைக்குக் கொண்டுபோம். பெட்டியில் எழுதின அளவுக்கு வெட்ட விடாதையும். கையில் இருக்கிற பிஸ்டனை அளந்து, மனுவலில் உள்ள இடைவெளி விட்டு வெட்ட வேண்டும்.

வெட்டின பிறகு போர்ட் விளிம்புகளைக் கொஞ்சம் சாய்த்துத் தேய்க்கச் சொல்லும். கூராக இருந்தால் றிங் மாட்டி உடையும். பலர் இதை மறந்துதான் புதுப் பிஸ்டனைக் கெடுக்கிறார்கள். கழுவுவது சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு. பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள ‘அப்’ எழுத்து ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும்.

பருத்தித்துறைப் படகு:
ஃப்ளைவீலைக் கழற்றினேன். சீலின் உதடு ஒரு பக்கம் கிழிந்து, சுற்றிவர எண்ணெய்ப் பிசுக்கு. நீங்கள் சொன்னபடியே. மேல் சிலிண்டரில் 0.25 வெட்டியும் ஒரு கீறல் நிற்கும் என்று லேத்காரர் சொல்கிறார். 0.50 போடப் போகிறேன். கீழ்ச் சிலிண்டரை அப்படியே விடலாமா?

குருநகர் பட்டறை:
கீழது அளவில் நின்றால் ஒன்றை மட்டும் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஓடும். நான் என்றால் இரண்டையும் ஒன்றாகவே செய்வேன், அடுத்த வருடம் திரும்பப் பிரிக்க வேண்டாம். இரண்டு சீலையும் மாற்றும், தண்ணிப் பம்ப் இம்பெல்லரையும்.

முதல் 10 மணித்தியாலம் 25 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் ஒயில். முதல் 10 நிமிடம் சும்மா ஓட விடும். மிச்ச 50 நிமிடமும் பாதி வேகம் தாண்டாதையும். இரண்டாம் மணித்தியாலம் முக்கால். அதுக்குப் பிறகும் அந்த 10 மணித்தியாலம் முடியுமட்டும் முழு வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதையும். அதற்குப் பிறகு 50க்கு ஒன்று.

பருத்தித்துறைப் படகு:
இரண்டும் 0.50 கம்பனிப் பிஸ்டன் பூட்டியாச்சு அண்ணை. இன்று வலை இல்லாமல் கரையோரமாக ஒரு மணித்தியாலம் ஓடினேன். தண்ணி நன்றாக அடிக்கிறது, ஹெட்டில் கை வைக்க முடிகிறது. நாளைக்கு முக்கால் வேகம்.