ஏசியில் கேஸ் குறைவா, காற்றோட்டக் குறையா?

மாடி அறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸ், வாங்கி 4 வருடம். 3 வாரமாகச் சரியாகக் குளிரவில்லை. போட்டதும் காற்று நன்றாக வருகிறது, அரை மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடுகிறது. உள் யூனிட்டின் மூடியைத் திறந்தால் குளிர்விக்கும் காயிலின் ஓர் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஐஸ். மீதி ஈரம்கூட இல்லாமல் காய்ந்து கிடக்கிறது. வெளி யூனிட்டில் மெல்லிய குழாய் உறைகிறது, தடித்த குழாய் வியர்ப்பதே இல்லை.

ஃபில்டரைக் கழுவினேன், வெளி யூனிட்டுக்கும் தண்ணீர் அடித்தேன். அப்புறம் ஃபேனை முழு வேகத்தில் வைத்து அளந்தேன்: உள்ளே போகும் காற்று 29 டிகிரி, வெளியே வருவது 24. முன்பு 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. உள்ளே காற்றைத் தள்ளும் ப்ளோயர் சக்கரத்தை மட்டும் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை.

மெக்கானிக் கேஸ் ஏற்றினால் போதும் என்கிறார். கசிவைப் பார்க்காமல் ஏற்ற எனக்கு மனமில்லை.

கேஸ்தான் குறைவு என்று உறுதிசெய்ய, முதலில் எதைச் சோதிக்கச் சொல்லட்டும்?