பீரங்கிதான் ஐரோப்பிய அரசுகளை வளர்த்ததா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
வெடிமருந்தே ஐரோப்பாவில் வலுவான அரசுகளை உருவாக்கியது என்று வகுப்பில் சொன்னார்கள். சங்ககிரிக் கோட்டையை வைத்திருந்த திப்பு சுல்தானிடமும் பீரங்கிகள் இருந்தனவே. ஐரோப்பாவில் மட்டும் அவை அரசின் அமைப்பையே மாற்றியது எப்படி?

மறுமொழி (ஏற்காடு):
பீரங்கியைவிட அது இழுத்துவிட்ட செலவைக் கவனியுங்கள், தம்பி. 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் சக்கர வண்டிகளில் ஏற்றிய வெண்கலப் பீரங்கிகளுடன் இத்தாலிக்குள் நுழைந்தபோது, உயரமாகவும் மெலிதாகவும் இருந்த பழைய மதில்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கு விடையாக, மண் நிரப்பிய தாழ்ந்த தடித்த சுவர்களும், ஒன்றின் பக்கவாட்டை மற்றொன்றிலிருந்து சுட்டுக் காக்கும்படி கூர்மையாக வெளியே நீட்டிய கொத்தளங்களும் எழுந்தன. அத்தகைய கோட்டையை முற்றுகையிட மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான வீரர்களுக்குச் சோறும் சம்பளமும் கொடுக்க வேண்டியிருந்தது. சிறு பிரபுக்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை; பெருமளவில் வரி திரட்ட முடிந்த அரசுகளே அதைத் தாங்கின.

மறுமொழி (சங்ககிரி):
இதில் பாதியைத்தான் ஏற்பேன். போர் எல்லா அரசுகளையும் வளர்த்துவிடவில்லை. போலந்தில் ஒரே உறுப்பினரின் மறுப்பு நாடாளுமன்றத்தையே முடக்கும் என்பதால், எப்போதும் சம்பளத்தில் இருக்கும் பெரிய நிலைப்படைக்கு வரி திரட்ட முடியாமல், 1795இல் அந்நாடு வரைபடத்திலிருந்தே மறைந்தது. இங்கிலாந்தோ பிரான்சுடனான போருக்கு 12 லட்சம் பவுண்டு கடன் திரட்டவே 1694இல் இங்கிலாந்து வங்கியைத் தொடங்கியது. கடன் கொடுப்பவர் நம்பும் அரசாக இருப்பதே, என் பார்வையில், பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம்.

மறுமொழி (ஏற்காடு):
வங்கியைப் பற்றி ஐயா சொன்னது சரியே. போரும் பணமும் கைகோத்த இந்தக் கதையின் நிழல் நம் ஊரிலும் உண்டு: 1792 உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த சேலம், பாராமகால் பகுதிகளுக்கு வரி வசூலிக்கக் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) அமர்த்திய அலெக்சாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் படை அதிகாரிகளே.