தாடை முடிக்கு லேசர் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்

மருதாணி (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 26, மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. லேசருக்கு நிறம் முக்கியம் என்று கேள்விப்பட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது தாடைக்கு அடியில் கம்பி மாதிரி ஒன்றிரண்டு முடி வந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். இப்போது தாடை முழுக்க, கழுத்து மடிப்பு வரைக்கும் கெட்டி முடி. பார்லரில் நூல் போட்டு எடுத்தால் ரெண்டு மூன்று நாளில் மறுபடி முள் முள்ளாகக் கையில் படுகிறது, எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பருவாக வந்து கறுத்துப்போகிறது. அந்தக் கறுப்பு முடியைவிட அசிங்கமாகத் தெரிகிறது. ஆபீசில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கை தானாகத் தாடைக்குப் போய்விடுகிறது.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா கஸ்தூரி மஞ்சளைத் தேய்த்தாலே போதும் என்கிறார், ஷேவ் செய்தால் ஆம்பிளைத் தாடி வந்துவிடும் என்று பயப்படுகிறார். இங்கே ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். எட்டு சிட்டிங், வாழ்நாள் முழுக்க முடி வராது என்று உத்தரவாதம், இன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை என்றார்கள். என்ன மெஷின் என்று கேட்டதற்கு "லேட்டஸ்ட் மெஷின் மேடம்" என்பதுதான் பதில். கட்டலாமா? உண்மையிலேயே வராமல் நின்றுவிடுமா? மாதவிடாய் எனக்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

---

சித்திரைநிலா (சென்னை)

தோழி, கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவதும் தாடையில் கெட்டி முடி வருவதும் சேர்ந்து இருந்தால் பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறோடு வரும் சினைப்பைச் சிக்கல், இருக்க நிறைய வாய்ப்பு. ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தால்தான் பிசிஓஎஸ் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மாதவிடாய்க் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகள், இந்த மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதியானாலே மருத்துவர்கள் அப்படித்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் லேசருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே ஹார்மோன் தூண்டிக்கொண்டே இருக்கும்போது வெளியே எத்தனை தடவை சுட்டாலும் பக்கத்தில் இருக்கும் பூனைமுடி புதிதாகக் கெட்டியாகிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கும் பிசிஓஎஸ்தான். மாத்திரை எடுத்து முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் முடி அதன் சுற்று முடிந்துதான் விழும். ஆண் ஹார்மோனைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை கொடுத்தால், அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் நிலையில் இதை மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி லேசர். முடியில் இருக்கும் கறுப்பு நிறமிதான் ஒளியை இழுத்துக்கொள்கிறது, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால் தவறான அலைநீளத்தில் அடித்தால் தோலும் சேர்ந்து வேகும். 755 நானோமீட்டர் அலைநீளத்தில் அடிக்கும் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்குத் தோதானது. நம் மாதிரி நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பத்திரம், அது மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழத்துக்குப் போய்விடும். 810 பக்கம் அலைநீளம் உள்ள டயோடு லேசரையும் கை பழகிய தோல் மருத்துவர் அளவு குறைத்துப் பயன்படுத்தலாம். ஐபிஎல் என்று பளிச்சென்று ஒளி அடிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, அது லேசரே இல்லை, ஆனால் லேசர் என்று சொல்லியே பல இடங்களில் செய்கிறார்கள். ஆகவே மெஷின் பெயரைச் சொல்லாத இடத்தில் நான் பத்து ரூபாய்கூடக் கட்டமாட்டேன். முதலில் காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, கொப்புளமோ கறுப்போ வருகிறதா என்று சில நாள் காத்திருந்து அப்புறம் முழுசாகச் செய்கிற இடமாகப் பாருங்கள்.

செய்யும்போது எப்படி இருக்கும் என்றால், கண்ணுக்குக் கவசம் போட்டுவிடுவார்கள், ஜில்லென்று ஜெல் தடவுவார்கள், ஒவ்வொரு அடிக்கும் சுருக் சுருக்கென்று குத்தும், தாடை எலும்பு மேலே வரும்போது அதிகம். முடி பொசுங்குகிற வாடை வரும். முடிந்ததும் ஒவ்வொரு முடிக்கால் சுற்றிலும் சிவந்து தடித்திருக்கும், அன்றைக்கோ மறுநாளோ அடங்கிவிடும். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முடி மேலே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து ஐயோ மறுபடி வளர்கிறதே என்று பதறாதீர்கள், வேர் செத்த முடி வெளியே வருகிறது, தானாக உதிரும். முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வளரும் பருவத்தில் இருக்கிற முடியில்தான் லேசர் வேலை செய்யும், அதனால்தான் இத்தனை தடவை.

வாழ்நாள் உத்தரவாதம் என்பதை நம்பாதீர்கள். லேசருக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கொடுத்திருக்கும் அனுமதியிலேயே நிரந்தரமாக முடியைக் "குறைக்கும்" என்றுதான் இருக்கிறது, நீக்கும் என்று இல்லை. பிசிஓஎஸ் இருந்தால் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை திரும்பப் போக வேண்டி வரும். அப்படிப் போயும் எனக்கு அது மதிப்புள்ள செலவுதான். இப்போது வருவது மெல்லிய முடி, கறுப்பும் போய்விட்டது.

ஒன்று விட்டுவிட்டேன். கன்னத்தில் இருக்கிற பூனைமுடியையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மெல்லிய முடியில் லேசர் பட்டுச் சிலருக்கு அது கெட்டியாகி அதிகமாவது உண்டு, அதுவும் நம் நிறத்துக்காரர்களுக்கு, ஹார்மோன் சிக்கல் உள்ளவர்களுக்கு. கெட்டி முடி இருக்கும் இடத்தோடு நிறுத்துங்கள்.

---

செல்விபார்லர் (கரூர்)

பல வருடமாகப் பார்லர் நடத்துகிறேன், அதனால் நூல் பக்கத்து விஷயத்தை நான் சொல்கிறேன் தங்கச்சி. புருவத்துக்கு நூல் சரி. தாடையில் கெட்டி முடி இருப்பவருக்கு நூல் போட்டால் பாதி முடி வேரோடு வரும், பாதி நடுவில் அறுந்துவிடும். அறுந்தது தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து பருவாக நிற்கும், அதை நகத்தால் கிள்ளினால் கறுக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான். இந்தப் பரு வருகிறவர்களுக்குத் தாடையில் நூல் போட மாட்டேன் என்று நானே சொல்லிவிடுவேன், தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்புவேன். ஒரு வாடிக்கை போனால் போகட்டும்.

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு போடுகிறவர்களிடம் போகாதீர்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு போடுவதுதான் சுத்தம். ஒவ்வொருவருக்கும் புது நூல் வெட்டி எடுக்கிறார்களா என்று பாருங்கள். முகத்தில் ஒருவருக்கு மரு இருந்தால் அது நூல் போட்ட கோட்டிலேயே வரிசையாகப் பரவுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேக்ஸ் வேண்டவே வேண்டாம். பருவுக்கோ கறுப்புக்கோ ராத்திரி தடவும் ட்ரெட்டினாயின், அடாபலீன் மாதிரி க்ரீம் போடுகிறீர்கள் என்றால் வேக்ஸ் துணியோடு தோலும் உரிந்து வரும். எங்களிடம் வருகிறவர்கள் க்ரீம் போடுவதைச் சொல்வதே இல்லை, நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

லேசர் செய்வதாக முடிவெடுத்தால் நாலு வாரத்துக்கு முன்னாலேயே நூல், வேக்ஸ், பிடுங்கல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வேர் உள்ளே இருந்தால்தானே சுட முடியும்? அதுவரை என்ன செய்வது என்றால் ஷேவ்தான். முகத்துக்கென்று சின்ன ரேசர் கடையில் கிடைக்கிறது. வெந்நீரில் துணி நனைத்துத் தாடையில் ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, கற்றாழை ஜெல்லோ ஷேவிங் க்ரீமோ தடவி, முடி படுத்திருக்கும் பக்கமாகவே இழுங்கள், எதிர்ப்பக்கம் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், ஷேவ் செய்தால் முடி கெட்டியாகாது. முடியின் நுனி ஊசியாக மெலிந்து இருக்கும், ரேசர் அதைக் குறுக்கே வெட்டுவதால் வளரும்போது கைக்கு மொட்டையாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். வேருக்கு ரேசர் போகவே இல்லை. பெரிய பெரிய மணப்பெண் மேக்கப் போடுகிறவர்களே முகூர்த்தத்துக்கு முன்னால் முகத்தை ஷேவ் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

---

மீனாட்சி_அம்மா (மதுரை)

எங்கள் காலத்தில் குப்பைமேனியும் கோரைக்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசித்தான் குளித்தோம், முகம் பளிங்காக இருந்தது. சின்ன வயதிலிருந்தே பூச வேண்டும், பாதியில் ஆரம்பித்தால் பலன் இருக்காது. லேசர் எல்லாம் எதற்கம்மா.

---

தோல்பிரிவு_செவிலியர் (திருச்சி)

மீனாட்சி அம்மா, பயத்தம் மாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பதில் தப்பில்லை. தேய்ப்பில் மெல்லிய முடி கொஞ்சம் உதிரும். ஆனால் ஹார்மோனால் வருகிற கெட்டி முடியின் வேரை அது தொடாது. தாடையில் பருவும் புண்ணும் இருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கறுப்பு கூடும், அதனால் கேள்வி கேட்ட தோழி இப்போதைக்கு மஞ்சள் தேய்க்க வேண்டாம்.

மருதாணி, உங்களிடம் ஒரு கேள்வி. முகம் வெளுக்க மருந்துக்கடையில் ட்யூப் ஏதாவது வாங்கித் தடவுகிறீர்களா? எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு முகத்தில் முடி என்று வருகிற பெண்களில் நிறையப் பேர் கைப்பையிலிருந்து அந்த ட்யூபை எடுத்துக் காட்டுவார்கள், நசுங்கி, மூடி தொலைந்துபோய், பெயர்கூட அழிந்திருக்கும். அதில் மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்திருக்கும். மங்குக்குக் கொஞ்ச நாள் மருத்துவர் மேற்பார்வையில் போட வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வருடக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, பரு வந்து, முடியும் வளரும். 2018-ல் இந்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, எனக்கு வயிறு எரிகிறது. தடவிக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிக் குறையுங்கள். தலைமுடி கொட்டுகிறது என்று மினாக்சிடில் போட்டாலும் நெற்றியிலும் கன்னத்திலும் முடி வரலாம், அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, முடி சில மாதத்துக்குள் மளமளவென்று ஏறியிருந்தாலோ, குரல் தடித்தாலோ, முன்மண்டையில் ஆண்களைப் போல வழுக்கை விழுந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அது பிசிஓஎஸ் இல்லாமல் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டியாக இருக்க வாய்ப்புண்டு. அபூர்வம்தான், ஆனால் பார்த்துவிட வேண்டும். தனியாரில் செலவு தாங்காது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தோல் பிரிவும் மகப்பேறு பிரிவும் அங்கேயே இருக்கும், பரிசோதனைகளும் அங்கேயே நடக்கும்.



---

வன்னிப்பூ (டொராண்டோ)

தங்கச்சி, எனக்கு ஐம்பதுக்கு மேலே. மாதவிடாய் நின்ற பிறகு தாடையில் வந்தது எல்லாம் வெள்ளை முடி. வெள்ளை முடியில் நிறமி இல்லாததால் லேசர் பிடிக்காது, அதனால் நான் எலக்ட்ராலிசிஸ் செய்கிறேன். ஒவ்வொரு முடிக்காலுக்குள்ளும் மெல்லிய ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சி வேரை அழிப்பது. நோகும், மெதுவான வேலை, ஒவ்வொரு முடியாகச் செய்வதால் நல்ல பொறுமை வேண்டும். ஆனால் நிரந்தரம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், எந்த நிறத் தோலுக்கும் எந்த நிற முடிக்கும் செய்யலாம். உங்கள் மாதிரிப் பெரிய இடத்துக்கு முதலில் லேசர், மிஞ்சுகிற ஒன்றிரண்டு முடிக்கு எலக்ட்ராலிசிஸ் என்று வைத்துக்கொள்ளலாம். காயம் பட்ட இடம் தடித்து வளர்கிற தோல் என்றால் முதலே சொல்லிவிடுங்கோ.

மாப்பிள்ளை விஷயம் பற்றியும் ஒரு சொல். 2024-ல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவளின் முகத்தில் இருந்த முடியைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் எவ்வளவு பேர் கதைத்தார்கள். பார்க்கவே மனம் நொந்தது. பெண்ணின் முகத்தில் முடி வருவது உடம்பில் நடக்கிற ஒரு விஷயம், வெட்கப்பட எதுவும் இல்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் எடுங்கோ, வருகிறவனுக்காக எடுக்க வேண்டாம். பிசிஓஎஸ் என்று உறுதியானால் கட்டப்போகிறவரிடம் அதை நேராகச் சொல்லிவிடுங்கோ, பிறகு மருத்துவரிடம் சேர்ந்து போக வேண்டி வரலாம்.

---

மருதாணி (திண்டுக்கல்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ட்யூப் நான் தடவவில்லை, ஆனால் என் சித்தி தடவுகிறார், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கிளினிக்கிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள், என்டி யாக் இருக்கிறதா என்று கேட்டேன், விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். செல்வி அக்கா, இன்று ஷேவ் செய்து பார்த்தேன், எரிச்சலே இல்லை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மகப்பேறு மருத்துவரிடம் வரும் வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

---

சித்திரைநிலா (சென்னை)

சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் வெறும் வயிறு வேண்டும், காலையில் சாப்பிடாமல் போய்விடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். ஹார்மோன் பரிசோதனையைப் பெரும்பாலும் மாதவிடாய் வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுக்கச் சொல்வார்கள். உங்களுக்குத் தள்ளிப்போகிறது என்பதால் அதற்காகக் காத்திருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள், எப்போது எடுப்பது என்று அவரே சொல்வார். கடைசி ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான்.