அனல்மின் நிலையப் புகையைச் செயற்கைக்கோளால் மதிப்பிட இயலுமா?

காட்பாடி மாணவர்: எண்ணூர், நெய்வேலி அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியீட்டை, வேலூரில் இருந்தபடியே செயற்கைக்கோள் தரவைக் கொண்டு கணக்கிட இயலுமா?

ராணிப்பேட்டை வாசகர்: இயலும். 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, பிற்பகல் 1.30 மணியளவில் கடக்கும்போது தரைக்கு மேலுள்ள வாயுவின் மொத்த அளவைத் தருகிறது. காற்றின் வேகத்தையும், பகலில் அவ்வாயு சில மணி நேரத்தில் சிதைந்துவிடுவதையும் சேர்த்தால்தான் வெளியீடு கிடைக்கும். நெய்வேலியில் தொடங்குங்கள், எண்ணூரில் துறைமுகப் புகையும் அருகிலுள்ள மணலி ஆலைகளின் புகையும் செயற்கைக்கோள் படத்தில் மின் நிலையப் புகையோடு கலந்துவிடும்.

காட்பாடி மாணவர்: நன்றி ஐயா. வேலூர்க் காற்றில் அவற்றின் பங்கு?

ஆற்காடு ஆசிரியர்: அதற்குக் காற்றுப்பரவல் மாதிரி, அதாவது புகை காற்றில் எங்கே எவ்வளவு பரவுகிறது எனக் கணக்கிடும் கணினி மாதிரி தேவை. நெடுஞ்சாலை வாகனப் புகையை உள்ளீட்டில் விட்டுவிட்டால் மின் நிலையங்களின் மீது வீண்பழி விழும். வடகிழக்குப் பருவத்தில் மேகம் தரவை மறைப்பதால், அம்மாதங்களின் சராசரியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.