இரண்டாம் பியூனிக் போரை மேசையில் ஆட எந்த விதித்தொகுப்பு: டிபிஏவா, ஹெயில் சீசரா?

மேசைப்போர்:
நாங்கள் நால்வர் சேர்ந்து ரோமும் கார்த்தேஜும் மோதிய இரண்டாம் பியூனிக் போரை (கி.மு. 218–201) 28 மி.மீ. உயரப் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடத் திட்டமிட்டிருக்கிறோம். பொம்மைகளை வாங்குவதற்கு முன்பே விதித்தொகுப்பை முடிவு செய்துவிட வேண்டும். எந்த அகல அடித்தட்டில் எத்தனை வீரர்களை ஒட்டுவது என்பதைச் சில தொகுப்புகள் தாமே விதித்துவிடுகின்றன; வண்ணம் தீட்டி ஒட்டிய வீரர்களைப் பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டுவது எவ்வளவு எரிச்சலூட்டும் வேலை என்பது இங்குள்ளோருக்குத் தெரியும். எங்களில் இருவர் டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாட்டிஸ்) என்கின்றனர், இருவர் ஹெயில் சீசர் என்கின்றனர். கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபால் வென்ற கன்னேயை ஆடினால் அது கன்னேயாகத் தெரிய வேண்டும், ரோமானியத் தளபதி சிப்பியோ அவரை வென்ற சாமாவை ஆடினால் சாமாவாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே எங்கள் பொது நிபந்தனை. காரணங்களோடு சொல்லுங்கள்.

பன்னிரண்டேபோதும்:
தயங்காமல் டிபிஏவைத் தேர்ந்தெடுங்கள். பில் பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பில் ஒரு படை என்பது பன்னிரண்டு அடித்தட்டுகள் மட்டுமே. ரோமானியக் குடியரசுப் படைக்கான பட்டியலை எடுத்துக்கொண்டால், குதிரைப்படை இரண்டு, வாள்வீரர்களான பிளேடு ஆறு, கடைசி வரிசையான திரியாரிக்கு ஈட்டி இரண்டு, எறியீட்டி வீசும் வெலித்தெஸுக்கு இலகுவீரர் இரண்டு என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அடித்தட்டுக்கு மூன்று குதிரைவீரர், நான்கு வாள்வீரர் அல்லது ஈட்டிவீரர், இரண்டு இலகுவீரர் என்று கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 42 பொம்மைகள். நால்வரும் ஆளுக்கொரு படையைச் சில வாரங்களில் தீட்டி முடித்துவிடலாம். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதால், ஒரே மாலையில் பக்கம் மாறியும் ஆடலாம்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சு அன்று. ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்டி, அதில் விழுந்த எண்ணே உங்கள் நகர்வுப் புள்ளிகள்; அதற்கு மேல் நீங்கள் எதையும் நகர்த்த முடியாது. ஒட்டி நிற்கும் வரிசை முழுவதையும் ஒரே புள்ளியில் முன்னே தள்ளலாம். வரிசை சிதறிவிட்டால் துண்டுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். படையை ஒழுங்காக வைத்திருப்பதே ஒரு தளபதியின் முதல் கவலை என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன விதியை நான் கண்டதில்லை.

சங்கொலி:
சிக்கனம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் கேட்டது கன்னேயும் சாமாவும். ஹஸ்தாத்தி, பிரின்சிபெஸ், திரியாரி என்று முன்னிருந்து பின்னாக மூன்று வரிசையாக நின்று போரிட்டதுதான் ரோமானியப் படையின் தனித்தன்மை. டிபிஏவில் முதல் இரண்டு வரிசைகளும் ஒரே ‘பிளேடு’ ஆகிவிடுகின்றன; இரண்டுக்கும் இடையே ஆட்டத்தில் எந்த வேறுபாடும் இல்லை. கி.மு. 202-இல் சாமாவில் நடந்ததைப் பண்டை வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரிப்பதைப் பாருங்கள்: முதல் இரண்டு கார்த்தேஜிய வரிசைகள் குலைந்த பிறகு, துரத்திக்கொண்டு ஓடிய ஹஸ்தாத்தியைச் சிப்பியோ எக்காளம் ஊதித் திரும்ப அழைத்து நடுவில் நிறுத்தி, பிரின்சிபெஸையும் திரியாரியையும் இரு பக்கமும் கொண்டுவந்து ஒரே நீண்ட வரிசையாக்கி, இத்தாலியிலிருந்து வந்திருந்த ஹன்னிபாலின் பழம்படையை எதிர்கொண்டார். அந்தப் போரின் திருப்பம் அதுதான். மூன்று வரிசையே இல்லாத படையில் அதை எப்படிச் செய்வீர்கள்?

ரிக் பிரீஸ்ட்லி எழுதி 2011-இல் வெளிவந்த ஹெயில் சீசரில் ஒவ்வொரு வரிசையும் தனித்தனிப் பிரிவுகளாக நிற்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் இவ்வளவு அடியைத் தாங்கும் என்று ஓர் எண் உண்டு. அடிகள் அந்த எண்ணை எட்டியதும் பிரிவு நிலைகுலைந்ததாகக் கொள்ளப்படும். பின்னால் களைப்படையாத பிரின்சிபெஸ் நிற்பதன் அருமை உங்களுக்கு அப்போதுதான் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் நால்வர், டிபிஏ அடிப்படையில் இருவருக்கான ஆட்டம். ஹெயில் சீசரில் பக்கத்துக்கு இருவர் நின்று, ஆளுக்கொரு படைப்பகுதியை ஏற்று, ஆணையை வாய்விட்டுச் சொல்லிய பிறகே பகடையை உருட்ட வேண்டும். தளபதியின் மதிப்பு 8 என்றால் இரண்டு பகடைகளின் கூட்டல் 8-க்குள் விழ வேண்டும், அதாவது 36-இல் 26 வாய்ப்பு. தவறினால் அந்தத் தளபதி அந்த முறைக்கு வேறு ஆணை இட முடியாது. சொன்னதைக் கேட்காத படையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அவஸ்தை, எந்தப் புள்ளிக்கணக்கிலும் கிடைக்காது.

பன்னிரண்டேபோதும்:
வரிசை மாற்றத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். களத்தில், எதிரி முகத்துக்கு முன்னால் நிற்கையில், ஒரு வரிசை எப்படி விலகி இன்னொன்றுக்கு வழிவிட்டது என்பது குறித்து வரலாற்றறிஞர்களே இன்றுவரை உடன்படவில்லை. அந்த நிலையில், அதை வெளிப்படையாக ஆட வைக்கும் எந்த விதியும் ஒரு கொள்கையைச் சந்தடியில்லாமல் உங்கள் தலையில் கட்டுகிறது. டிபிஏ அதன் விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, காலாட்படைக்கு எதிராகப் பிளேடின் பகடையோடு +5 கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படைத்தலைவர் பார்க்க வேண்டியது விளைவைத்தான். மனிப்பிள் என்ற சிறு படைப்பிரிவுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொள்ள அதன் தலைவர்களான செஞ்சுரியன்கள் இருக்கிறார்கள்.

இப்போது கன்னேக்கு வருவோம். ஹன்னிபால் கோல் பழங்குடியினரையும் ஸ்பானியரையும் நடுவில் பிறைவடிவில் முன்னே நிறுத்தி, ஆப்பிரிக்கக் காலாட்படையை இரு முனைகளிலும் வைத்தார். பட்டியலில் கோல்கள் ‘வார்பேண்ட்’, அதாவது பாய்ந்து தாக்கும் பழங்குடிக் கூட்டம். காலாட்படைக்கு எதிராக அவர்களுக்கு +3. ஒருவருக்கு ஒரு பகடை. மொத்தம் 36 சேர்க்கைகளில் ரோமானியரின் கூட்டுத்தொகை எதிரியுடையதைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ வந்து கோல்கள் அழிவது 6, கோல்கள் அழியாமல் பின்வாங்குவது 20, சமநிலை 4, கோல்கள் வெல்வது 6, அப்படி வென்றால் பிளேடு அங்கேயே அழியும். ஆக, நடுப்பகுதி உடையாமல் மெல்ல மெல்லப் பின்னே போவதே மிகுதியாக நடக்கும். 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பில், பின்வாங்கும் எதிரியைப் பிளேடுகள் தொடர்ந்து முன்னேறியே ஆக வேண்டும். ரோமானியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உள்ளே இழுக்கப்படுவார்கள். அவர்களுடைய பக்கவாட்டில் ஆப்பிரிக்க ஈட்டிவீரர் வந்து தொட்டுவிட்டால், அதன் பிறகு பின்வாங்க நேரும் அடித்தட்டு பின்வாங்காது, அழியும். கன்னேயின் பொறி முழுவதும் இந்த மூன்று நான்கு விதிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

மேசைப்போர்:
இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். பொலிபியஸ் சொல்வதன்படி கன்னேயில் ரோமானியக் காலாட்படை 80,000, ஹன்னிபாலுடையது ஏறக்குறைய 40,000. குதிரைப்படையில் ரோமானியர் 6,000-க்கும் சற்று மேல், ஹன்னிபாலிடம் 10,000. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சமமாக நிறுத்தினால் இந்த ஏற்றத்தாழ்வு எங்கே போகிறது?

கட்டக்காரர்:
நல்ல கேள்வி, மேலே இருவருமே தொடாத கேள்வி. எண்ணிக்கையையும் தரத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாக்கிக் கணக்கிடும் முறை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிலிப் சேபினின் ‘லாஸ்ட் பேட்டில்ஸ்’ (2007) என்ற தொகுப்பில் இருக்கிறது. களம் வெறும் 20 கட்டங்கள். ஓர் அலகு எத்தனை ஆட்களைக் குறிக்கிறது என்பது அவர்களுடைய தரத்தைப் பொறுத்து மாறும். தேர்ந்த பழம்படை என்றால் குறைந்த ஆட்களுக்கே ஓர் அலகு, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் நிறைய ஆட்களுக்கு ஓர் அலகு. 35 பண்டைப் போர்களை இந்த ஒரே அளவுகோலில் அவர் நிறுத்திப் பார்த்திருக்கிறார். பொம்மைகளின் அழகை மறந்துவிட்டுக் கேட்டால், உங்கள் நிபந்தனைக்கு மிக அருகில் வருவது இதுதான்.

பொம்மைகளின் அழகும் வேண்டும் என்றால், சைமன் மில்லரின் ‘டு தி ஸ்ட்ராங்கஸ்ட்’ இருக்கிறது. அதிலும் கட்டங்கள்தாம். பகடைக்கு மாறாக ஒன்று முதல் பத்து வரையுள்ள சீட்டுகள். ஒரு பிரிவை ஒருமுறை நகர்த்திய பிறகு மறுபடியும் நகர்த்தப் பார்த்தால், வரும் சீட்டு முந்தியதைவிடக் குறைந்திருந்தால் முடியாது. ஒன்று வந்தால் எப்போதுமே முடியாது. தொலைவை அளக்க அளவுகோலே தேவையில்லை என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். டிபிஏ ஆட்டக்காரர்கள் ஓர் அடித்தட்டின் முனை இன்னொன்றின் முனையோடு சரியாகப் பொருந்தியதா என்று கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலித்துவிட்டது. பார்க்கரின் வாக்கியங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். உரையாசிரியர் இல்லாமல் நூற்பாவைப் படித்த கதைதான்.

பன்னிரண்டேபோதும்:
நூற்பா சுருக்கமாக இருப்பதால்தான் அது ஒரு சிறு கையேட்டுக்குள் அடங்குகிறது. மூன்றாம் பதிப்பில் படங்களோடு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குறையை இனியும் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குத்தான் பக்கத்துக்கு மூன்று படைகளைச் சேர்த்து 36 அடித்தட்டுகளுடன் ஆடும் பெரும்போர் வடிவம் இருக்கிறது. நால்வரும் ஆடலாம், காலாட்படையையும் குதிரைப்படையையும் ஏற்றத்தாழ்வோடு பிரித்தும் கொடுக்கலாம்.

சங்கொலி:
36 என்று வந்த பிறகு ஒரு மணி நேர ஆட்டமும் போயிற்று, 42 பொம்மைகளும் போயிற்று. பிறகு டிபிஏவின் தனிச் சிறப்பு என்று எது எஞ்சுகிறது?

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. இந்தப் போர் முடிந்து சில ஆண்டுகளில், கி.மு. 197-இல், கிரேக்கத்தின் சைனோசெஃபாலேயில் பெயர் தெரியாத ஒரு டிரிபியூன் (ரோமானியப் படை அதிகாரி), யாரிடமும் ஆணை பெறாமல் இருபது மனிப்பிள்களைத் திருப்பிக்கொண்டு போய் மக்கெதோனியரின் நீள்ஈட்டி அணியான ஃபாலங்ஸின் முதுகில் தாக்கினார். ரோமானியப் படையின் வலிமை அங்கேதான் இருந்தது: கீழ்நிலைத் தலைவர்கள் தாமே முடிவெடுப்பது. டிபிஏவில் எல்லா முடிவும் ஒரே பகடையிலிருந்து, ஒரே மூளையிலிருந்து வருகிறது. ரோமானியருக்கும் பழங்குடிக் கூட்டத்துக்கும் அதே ஒரு பகடைதான். ஹெயில் சீசரில் நல்ல தளபதிக்கு உயர்ந்த மதிப்பு கொடுக்கலாம், ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைவர் உண்டு, மதிப்பு 8 உள்ளவருக்குக் கூட்டல் 5-க்குள் விழுந்தால் அந்தப் பிரிவு ஒரே முறையில் மூன்று நகர்வுகளும் போகும். அந்த டிரிபியூன் அங்கே பிறக்க இடமிருக்கிறது.

பன்னிரண்டேபோதும்:
மூன்று நகர்வுகள் போவது டிரிபியூனுக்கு மட்டும் இல்லை, மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறக்கும் குதிரைப்படைக்கும் அதே விதிதான். எதிரில் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் டிரிபியூன் அருமையான நிகழ்ச்சி. ஆனால் வரலாற்றில் ஒருமுறை நடந்ததை ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிர்பார்க்கும்படி விதி எழுதினால், அது நிகழ்ச்சியாக இருக்காது, வழக்கமாகிவிடும்.

கட்டக்காரர்:
உங்கள் இருவருடைய வழக்கும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒருவர் ஹன்னிபாலின் இருக்கையிலிருந்து களத்தைப் பார்க்க விரும்புகிறார். மற்றவர் மனிப்பிளின் பின்வரிசையில் நின்று பார்க்க விரும்புகிறார். கேட்டவர் எதை விரும்புகிறார் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

மேசைப்போர்:
எங்களுக்குள் அதிலும் பிளவுதான். கன்னேயை ஹன்னிபாலாக ஆட வேண்டும் என்று இருவர், சாமாவில் அந்த எக்காளத்தை ஊதியே தீர வேண்டும் என்று இருவர். அதனால் இப்போதைக்கு அடித்தட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். டிபிஏவுக்கு 28 மி.மீ. பொம்மைகளை 60 மி.மீ. அகல அடித்தட்டில் ஒட்ட வேண்டும் என்று படித்தேன். அப்படி ஒட்டினால் ஹெயில் சீசருக்கு உதவுமா?

சங்கொலி:
உதவும். ஹெயில் சீசர் அடித்தட்டின் அகலத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே முறையில் ஒட்டியிருந்தால் போதும். 60 மி.மீ. அடித்தட்டுகள் மூன்றைப் பக்கம் பக்கமாகவும் அதற்குப் பின்னால் மூன்றையும் வைத்தால் 180 மி.மீ. முகப்புடன் 24 வீரர் கொண்ட ஒரு காலாட்பிரிவு கிடைத்துவிடும். ஹஸ்தாத்தியையும் பிரின்சிபெஸையும் கேடய நிறத்தால் பிரித்துத் தீட்டுங்கள். டிபிஏவில் அது வெறும் அழகு, இங்கே அது தேவை.

பன்னிரண்டேபோதும்:
திரியாரிக்கு மட்டும் ஈட்டி ஏந்திய பொம்மைகளை வாங்க மறந்துவிடாதீர்கள். இரண்டு தொகுப்பிலும் அவர்கள் வாள்வீரர்கள் அல்லர். வெலித்தெஸை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். டிபிஏவில் இலகுவீரரிடம் தோற்கும் யானை பின்வாங்காமல் அப்படியே அழிந்துவிடும். சாமாவில் ஹன்னிபால் நிறுத்தியது எண்பதுக்கும் மேல்.